பதின்வயதினரின் சிறுவயது மனக்காயத்தை வினாத்தாள் வைத்து நம்பகமாக அளக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் ‘நம்பகம்’ என்பதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சில வாரம் கழித்துக் கேட்டாலும் அதே பதில் வருமா? இதில் நல்ல வினாத்தாள்கள் தேறிவிடும். சரி, அந்தப் பதில் உண்மையில் நடந்ததோடு பொருந்துமா? சிக்கல் இங்கேதான். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், நடந்த காலத்திலேயே பதிவான கொடுமைகளுக்கும் பின்னாளில் பாதிக்கப்பட்டவர்களே நினைவுகூர்ந்து சொன்னதற்கும் இருந்த ஒப்புமை கப்பா அளவில் வெறும் 0.19 (முழு ஒப்புமை என்றால் 1). அதற்காகப் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பதிவேட்டுக்கே வராமல் போகும் கொடுமைகளும் நிறைய.

அதிகம் புழங்கும் ‘சைல்ட்ஹுட் ட்ராமா கொஸ்டினேர்’ என்ற வினாத்தாளின் சுருக்க வடிவில் 28 கேள்விகள். 12 வயதிலிருந்து தரலாம். 25 கேள்விகள் ஐந்து வகைக் கொடுமை, புறக்கணிப்பு பற்றியவை. மீதி மூன்று, ‘எங்கள் வீட்டில் எல்லாமே அருமை’ என்று மூடி மறைப்பவர்களை அடையாளம் காண. (எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஆனால் பல ஆய்வுகள் இந்த மூன்றையும் கண்டுகொள்வதே இல்லை.) உடல்சார் புறக்கணிப்புப் பகுதிதான் பெரும்பாலும் சறுக்குகிறது. சாப்பாடு போதாமல் போனது அலட்சியத்தாலா, வறுமையாலா என்று மதிப்பெண் சொல்லாது.

கேள்வியின் சொற்களும் முக்கியம். ‘கொடுமைக்கு ஆளானாயா?’ என்றால் ‘இல்லை’ என்பவர், ‘தழும்பு விழும்படி அடித்தார்களா?’ என்றால் ‘ஆமாம்’ எனலாம். அப்புறம், பதின்வயதினர் பலர் இன்னும் அதே வீட்டில்தான் வசிக்கிறார்கள். தாளை யார் பார்ப்பார்கள் என்ற பயம் பதிலை மாற்றிவிடும். அதனால் தனியறை வேண்டும், ஆபத்து தெரிந்தால் யாரிடம் சொல்வோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதிக மதிப்பெண் வந்தால் பயிற்சி பெற்றவர் நேரில் பேசிய பிறகே முடிவுக்கு வரலாம்.