களையும் மண்ணும்: குமரி மாவட்ட இயற்கை விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (பூதப்பாண்டி, நெல்): ஒற்றை நாற்று நடவுக்கு மாறிய பிறகு வயலில் புல் பெருகிவிட்டது. களைக்கொல்லி இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

பதில்: வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தி வைத்திருந்தபோது களையில் பெரும்பகுதியை அந்தத் தண்ணீரே அமுக்கிவிட்டது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும்போது அந்த வேலை நம் கைக்கு வந்துவிடுகிறது. எனவே நடவுக்கு முன்பே தொடங்குங்கள். முதல் தொளி அடித்து (சேறாக உழுது) தண்ணீரை வடித்துப் பத்து நாள் விட்டால் மேல்மண்ணில் கிடக்கும் களை விதைகள் முளைத்துவிடும். இரண்டாம் தொளியில் அவற்றை அப்படியே புதைத்துவிடலாம். 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட்டு, பத்தாம் நாள் முதல் பத்து நாளுக்கு ஒருமுறை கோனோ வீடரை (கையால் தள்ளும் உருளைக் களைக் கருவியை) குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள்.

கருவி எட்டாமல் நெற்குத்துக்குள்ளேயே நிற்கும் குதிரைவாலிப் புல்லைக் கையால்தான் பறிக்க வேண்டும். இளம் பருவத்தில் அது நெல்லைப் போலவே தோன்றும். இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள்: நெல்லில் அங்கே வெண்ணிறச் சவ்வு ஒன்று நாக்குப் போல நீண்டிருக்கும், இரு பக்கமும் ரோமமுள்ள சிறு காதுகள் இருக்கும், புல்லில் அந்த இடம் ஒன்றுமில்லாமல் வழவழப்பாக இருக்கும். களை பறிக்க வருபவர்களுக்கு முதல் நாளே இதைக் காட்டிக்கொடுங்கள்.

கேள்வி (திருவட்டாறு, ஏத்தன் வாழை): கோரையை எத்தனை முறை கொத்தினாலும் முன்பைவிட அடர்த்தியாக வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கொத்துவதுதான் அதை அடர்த்தியாக்குகிறது. மண்ணுக்குள் கோரைக் கிழங்குகள் கம்பி போன்ற தண்டுகளால் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. மண்வெட்டியோ ரோட்டவேட்டரோ அந்தத் தொடர்பை அறுக்கும்போது, அதுவரை உறங்கிக்கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைக்கத் தொடங்குகின்றன. வாழையின் உணவு வேர்களும் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால் ஆழமாகக் கொத்துவது வாழைக்கும் கேடு.

கோரை நிழலைத் தாங்காது. வாழை நட்டவுடன் இடைவெளி முழுவதும் தட்டைப்பயறு விதைத்து, பூக்கும் தருணத்தில் பிடுங்கி அங்கேயே பரப்புங்கள். அதன்மேல் காய்ந்த வாழையிலைகளையும், குலை வெட்டிய மரங்களின் தடைத் (வாழைத்தண்டுப் பகுதி) துண்டுகளையும் போட்டுவந்தால், வாழையிலைகள் விரிந்து தாமே நிழல் தரும் வரை மண் மூடியே இருக்கும். புதிதாக நடவிருக்கும் விளை (தோட்ட நிலம்) என்றால் கோடையில் உழுது கிழங்குகளை மேலே கொண்டுவந்து வெயிலில் காயவிடுங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் மாசி, பங்குனியை விட்டால் அதற்கு வேறு காலம் கிடைப்பது அரிது.

கேள்வி (தோவாளை, பூச்செடிகள்): தொழுவுரம் போட்டபின் புதுப்புதுக் களைகள் முளைக்கின்றன. உரத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். மாடு தின்ற புல் விதைகளில் பல, செரிக்காமல் சாணத்தோடு வெளியேறுகின்றன. குவியல் 55 முதல் 60 டிகிரி வரை சூடேறினால்தான் அவை சாகும். சாணத்தோடு காய்ந்த சருகும் பச்சைத் தழையும் கலந்து இடுப்பளவு உயரத்துக்குக் குவித்து, ஈரம் காத்து, ஓரத்தில் இருப்பது உள்ளே போகும்படி சில முறை புரட்டிவிடுங்கள். இரும்புக் கம்பி ஒன்றைக் குவியலின் நடுவில் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும்.

கேள்வி (குலசேகரம், மரச்சீனி எனும் மரவள்ளி, நல்லமிளகு): மண் பரிசோதனையில் அமிலத்தன்மை அதிகம் என்று வந்துள்ளது. சுண்ணாம்பும் பாறைப் பாஸ்பேட்டும் சேர்த்து இடலாமா?

பதில்: இரண்டும் அங்கக முறையில் ஏற்கப்பட்டவையே, ஆனால் சேர்த்து இடக்கூடாது. மழை மிகுந்த செம்பொறை மண்ணில் சுண்ணாம்புச் சத்து கரைந்து போய்விடுவதால் புளிப்பு ஏறுகிறது. அந்நிலையில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தான பாஸ்பரஸைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. பாறைப் பாஸ்பேட் கரைவதற்கு அந்தப் புளிப்பே தேவை என்பதால், உடன் சுண்ணாம்பு இட்டால் அது கரையாமல் கிடக்கும். முதலில் பாஸ்பேட்டை மண்ணோடு கலந்துவிட்டு, நன்கு இடைவெளி விட்டு, பரிசோதனை அறிக்கை சொல்லும் அளவுக்கு மட்டும் சுண்ணாம்பு இடுங்கள். அளவு மிஞ்சினால் துத்தநாகம் போன்ற நுண்சத்துகள் பயிருக்குக் கிடைக்காது. அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பின் குணமுடையதே. அதைச் சாணத்தோடு கலந்து வைத்தால் தழைச்சத்து ஆவியாகிப் போகும்.

கேள்வி (ராஜாக்கமங்கலம், தென்னை): உப்பும் வினிகரும் கலந்து களைக்குத் தெளிப்பது இயற்கை முறைதானே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். வினிகர் இலையைக் கருக்கும், வேர் மீண்டும் தளிர்க்கும். உப்போ மண்ணில் தங்கி அதன் கட்டமைப்பைக் கெடுக்கும். தென்னை மூட்டில் கதம்பைகளை (தேங்காய் மட்டைகளை) முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். களையும் அடங்கும், ஈரமும் நிற்கும்.

கேள்வி (அருமனை, கலப்புப் பயிர்): இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்?

பதில்: தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகளும் மாற்றுக் காலம், அதாவது இயற்கை முறைக்கு மாறும் காலம். வெளியிலிருந்து வாங்கும் புண்ணாக்கு, கோழி எரு ஆகியவற்றுக்கு ரசீது வைத்திருங்கள். பெரும் பண்ணைக் கோழி எருவை, சான்றளிக்கும் நிறுவனத்திடம் கேட்ட பிறகே வாங்குங்கள்.