கலரைப் பாக்காதீங்க, டப்பா பின்னாடி படிங்க

கேள்வி: சார், என்னோட யமஹா ஆர்15 வாங்கி நாலு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் இன்ஜின் சூட்டை இழுக்கற கூலன்ட்டை மாத்தினதே இல்ல. இப்ப ரிசர்வ் டேங்க்ல லோ கோட்டுக்குக் கீழ போயிடுச்சு. உள்ள இருக்கறது பச்சை, பக்கத்து கடையில சிவப்புதான் இருக்கு, அதுவும் காருக்கு ஊத்துறதாம். ஊத்தலாமா, இல்ல போர் தண்ணி கொஞ்சம் ஊத்தி சமாளிக்கலாமா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: போர் தண்ணி மட்டும் வேணவே வேணாம் தம்பி. அப்படி ஊத்தி ஓட்டின ஒரு வண்டி ரேடியேட்டரைத் திறந்து பாத்திருக்கேன், வெந்நீர் அண்டா அடியில உப்பு படியுமே அதே மாதிரி வாய் பூரா வெள்ளையா பிடிச்சிருந்துச்சு, நகத்தால சுரண்டினா பொடிப்பொடியா உதிருது, அந்த மெல்லிசு குழாய்ல இது அடைச்சா அப்புறம் சூடு எங்க போகும்?

கலர்ங்கறது வெறும் சாயம், கம்பெனிக்கு கம்பெனி மாறும், அத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. டப்பா பின்னாடி எத்திலீன் கிளைக்கால், அலுமினிய இன்ஜினுக்கு ஏத்தது, சிலிகேட் இல்லாததுன்னு இருக்கான்னு பாருங்க. சிலிகேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்ச்சிடும்னுதான் பைக்குக்கு அது வேணாம்ங்கறது. கார் டப்பாவா இருந்தாலும் இதெல்லாம் சரியா இருந்தா ஓகேதான், ஆனா பழையதோட மட்டும் கலக்காதீங்க, ரெண்டுலயும் இருக்கற மருந்து வேற வேறயா இருந்தா ஒண்ண ஒண்ணு கெடுத்துடும்.

உங்களுக்கு டாப்அப்பே வேணாம், நாலு வருஷத்துல துருப்பிடிக்காம காக்குற மருந்து தீந்திருக்கும், மொத்தமா இறக்கிட்டு புதுசு ஊத்துங்க. ஏற்கனவே தண்ணி கலந்து வர்ற ரெடிமிக்ஸ் வாங்கினா அப்படியே ஊத்தலாம், தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட்னா டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி. கெட்டியா இருந்தா நல்லா கூல் ஆகும்னு முழுசா கான்சன்ட்ரேட்டையே ஊத்துறாங்க, அது தப்பு, சூட்டை நல்லா இழுக்கறது தண்ணிதான். அவசரத்துக்கு வழியில வெறும் டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சம் ஊத்திக்கலாம், பேட்டரி கடையில கிடைக்கும், ஆசிட் டப்பாவ மாத்தி வாங்கிடாதீங்க.

திடீர்னு குறைஞ்சிருந்தா ஓஸ், வாட்டர் பம்ப் அடியில கசியுதான்னு பாருங்க, இன்ஜின் ஆயில் பால் டீ கலர்ல இருந்தா கூலன்ட் அதுல கலந்திருக்கலாம், வண்டிய ஸ்டார்ட் பண்ணாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியத் தொடவே கூடாது, உள்ள அழுத்தத்துல நூறு டிகிரிக்கு மேலயும் கொதிக்காம நிக்கும், திறந்த நொடியே மூஞ்சில அடிக்கும்.

பழைய கூலன்ட்டைத் தெருவுலயோ சாக்கடையிலயோ ஊத்தாதீங்க தம்பி, இனிப்பா இருக்கும், நாய் நக்கினா கிட்னி போய் செத்துடும். கேன்ல பிடிச்சு மூடி சர்வீஸ்ல குடுத்துடுங்க.