யாரும் தொடாத வரி

வணக்கம் ஐயா,

நான்கு வருடமாக விக்கிப்பீடியாவில் அவ்வப்போது எழுதுகிறேன். சமீபத்தில் ஒரு பின்னணிப் பாடகியின் கட்டுரையில் இரண்டு வரிகள் சேர்த்தேன். ஒன்று, அவருடைய விவாகரத்து. அவரே பேட்டியில் சொன்னதுதான். இன்னொன்று, அவர் 20,000 பாடல்களுக்கு மேல் பாடியிருக்கிறார் என்பது. முதல் வரியை ஒருவர் நீக்கினார். திரும்பச் சேர்த்தேன், மறுபடி நீக்கினார். கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் இரண்டு வாரமாகச் சண்டை. இரண்டாவது வரியை யாரும் தொடவில்லை. உண்மையைத்தானே எழுதினேன், அதற்கு ஏன் இவ்வளவு தடை? ரசிகர்கள் வெள்ளையடிக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வ.

அன்புள்ள வ.,

நானாக இருந்தால் முதலில் கை வைப்பது யாரும் தொடாத அந்த இரண்டாவது வரியில்தான்.

லதா மங்கேஷ்கர் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். 1948 முதல் 1974 வரை அவர் 25,000 பாடல்களுக்குக் குறையாமல் பாடியதாகக் கின்னஸ் புத்தகம் போட்டது. இன்னொரு இந்திப் பாடகர் முகமது ரஃபி ஆட்சேபித்தார், தன் கணக்கு 28,000 என்றார். ஒரு காகிதத்தை எடுத்து வகுத்துப் பாருங்கள். 26 வருடம், ஒரு நாள்கூட விடுமுறை இல்லை, ஜலதோஷம் இல்லை, தினம் இரண்டரைப் பாட்டுக்கு மேல். பின்னால் இசைத்தட்டுகளை வைத்து உட்கார்ந்து எண்ணியவர்களின் கணக்கு இதற்கு வெகு கீழே நின்றது. 1991இல் அந்தப் பதிவையே கின்னஸ் எடுத்துவிட்டது. பி. சுசீலாவுக்கு 2016இல் கொடுத்த எண் 17,695. முழு ஆயிரத்தில் முடியாத எண்ணைப் பார்த்தால், யாரோ பட்டியல் போட்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையாவது வருகிறது. உங்கள் 20,000 அப்படி இல்லை. மேடையில் அறிமுகம் செய்பவர் வாயிலிருந்து வந்தது மாதிரி இருக்கிறது.

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு பாடகர் இறந்தபோது அவசரமாக அஞ்சலி எழுதினேன். பாடல் எண்ணிக்கையை விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தேன், அங்கே சான்று எதுவும் இல்லை என்பதைக் கவனிக்காமல். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சான்று முளைத்திருக்கிறது. என் அஞ்சலிக் கட்டுரை! எண் எங்கும் போகவில்லை, தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீக்கச் சொல்லி எழுதினேன். அச்சில் வந்துவிட்டதே சார் என்றார்கள்.

சரி, விவாகரத்துக்கு வருகிறேன். உண்மையாக இருப்பது நுழைவுச் சீட்டுதான். உள்ளே வந்தவருக்கெல்லாம் நாற்காலி போட முடியாது. கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுதும்போது அவர் கணவரும் நாடக நடிகருமான கிட்டப்பாவை விட முடியுமா? 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைப் புடவைக்கு மாறினார், இனி ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் வந்த நந்தனார் படத்தில் அவரே நந்தனார். 1953இல் ஔவையார். அந்தத் திருமணத்தை எடுத்துவிட்டால், அந்தக் குரல் ஏன் நந்தனாராகவும் ஔவையாகவும் நின்று பாடியது என்பதில் பாதி புரியாமல் போகும். அங்கே சொந்த வாழ்க்கை பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் பாடகி பேட்டியில் என்ன சொன்னார்? பிரிவுக்குப் பிறகு சில வருடம் பாடாமல் இருந்தேன் என்று சொல்லியிருந்தால் அது கட்டுரைக்கு வேண்டும், ஒரு வாக்கியமாக. வெறுமனே பிரிந்தோம் என்றால் வருடத்தோடு நாலு வார்த்தை போதும். முன்னாள் கணவர் பெயர் எதற்கு? அவர் பாடவில்லையே. நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே பிரிந்த காரணமும் நுழைந்திருக்கிறது. நீக்கியவர் ரசிகராகவே இருக்கட்டும், அந்த இடத்தில் அவர் பக்கம்தான் நியாயம்.

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் விக்கிப்பீடியா கறாராக இருப்பதற்கும் காரணம் உண்டு. 2005இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரை, கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலைகளில் சந்தேகிக்கப்பட்டவர் என்று யாரோ விளையாட்டாக எழுதி வைத்தார்கள். நாலு மாதம் அப்படியே கிடந்தது. வில்லங்கமான தகவலுக்குச் சரியான சான்று இல்லையென்றால் முதலில் நீக்கு, அப்புறம் பேசு என்ற வழக்கம் அந்தச் சூட்டுக்குப் பிறகு இறுகியது.

வெள்ளையடிப்பு நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாடகர் மேல் புகார் வந்து, பல நாளிதழ்கள் பொறுப்பாக எழுதியிருந்தால், அவருக்கோ ரசிகருக்கோ பிடிக்காவிட்டாலும் அது கட்டுரையில் இருக்க வேண்டும். புகாரைப் புகார் என்றே எழுத வேண்டும், அவர் மறுத்திருந்தால் மறுப்பையும் சேர்த்து. ஆனால் ‘சர்ச்சைகள்’ என்று தனித் தலைப்பு போடாதீர்கள். போட்ட மறுநாளே அது தெருமுனைக் குப்பைத்தொட்டி ஆகிவிடும்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தக் கட்டுரையை முழுக்கப் படித்தேன். விருதுகள் 31 வரி. தொலைக்காட்சிப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தது ஒரு பட்டியல். யாரிடம் பாட்டுக் கற்றார் என்று இல்லை. முதல் பாட்டு எந்த இசையமைப்பாளருக்கு என்று இல்லை. கீழ் ஸ்தாயியில் அவர் குரல் லேசாகக் கரகரக்குமே, அதற்காகவே அவரைத் தேடிப் பாட வைத்தார்கள் என்று இசையமைப்பாளர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு வாரச் சண்டையில் அதை யாருமே கேட்கவில்லையா? அந்தப் பேட்டிகளில் இரண்டு என்னிடம் பத்திரிகை நறுக்காக இருக்கின்றன. தேதியோடு படமெடுத்து அனுப்புகிறேன், உரையாடல் பக்கத்தில் புதுத் தலைப்பாகப் போடுங்கள்.