மனை பிரிக்கும் முன் மண் அரிப்புக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

கடலூர் கேப்பர் மலைச் சரிவில் முந்திரித் தோப்பு வாங்கியிருக்கிறேன், மனை பிரிக்கும் முன் மண் அரிப்புக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜேசிபிக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று நம்பி எழுதுகிறேன்.

2021 செப்டம்பரில் திருவந்திபுரம் பக்கச் சரிவில் ஒன்றரை ஏக்கரை வழித்தவன் நான். முந்திரி, சருகு, பழைய வரப்பு எல்லாம் நாலே நாளில் காலி. மைதானம் மாதிரி இருந்தது. பெருமையாக வாட்ஸப்பில் போட்டோ வேறு போட்டேன். நவம்பரில் தென்பெண்ணையில் வெள்ளம் போன அந்த வாரம், விடிகாலையில் கீழ்த் தோப்புப் பெரியவர் போன் செய்தார்.

"தம்பி, உங்க மண்ணு எங்க கிணத்துல கெடக்குது. எப்ப வந்து அள்ளிக்கிறீங்க?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. போய்ப் பார்த்தால் என் நிலத்தில் இடுப்பளவு ஆழத்துக்கு மூன்று பள்ளம், மனைக்கல் ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது. அவர் கிணற்றில் மிளகாய்ச் சாந்து மாதிரி செம்மண் குழம்பு. தூர் வாரிக் கொடுக்க ஒன்பது நாள் ஆனது.

இது கெட்டிப்பாறை மலை இல்லை. மணல் கலந்த செம்மண். சருகு போய்விட்டால் மழை அடித்து மேல்மண் இறுகிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காமல் மண்ணை இழுத்துக்கொண்டு கெடிலம் ஆற்றுப் பக்கம் ஓடும்.

அதனால் முதலில் ஒரு மழைநாளில் குடையோடு போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். சர்வே புலப்படத்தில் இல்லாத ஓடைகூட ஓடும். அப்புறம் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்ப்பது) பிடித்து, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரப்பு. கீழ்க்கோடியில் வண்டல் தங்க ஒரு குட்டை, அது வழிகிற வாயில் கல் பரப்ப வேண்டும். வேலையைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்கி ஐப்பசிக்குள் வரப்பில் வெட்டிவேர் பிடித்துவிட வேண்டும். ரோடு வரும் இடத்தை மட்டும் வெட்டுங்கள், மனையில் நிற்கும் மரம் வாங்குபவர் வரும்வரை நிற்கட்டும். ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு வந்தவர்களும் இதே மாதிரி செம்மண்ணில் வரப்பு போட்டுத்தான் மரம் வளர்த்தார்கள்.

நான் இன்ஜினியர் இல்லை. "மனைப்பிரிவு அப்ரூவல் இருந்தால் போதாதா" என்று கமெண்டில் வருபவர்களுக்கு: என்னிடமும் அந்த ஃபைல் இருந்தது. ரோட்டின் அகலம் அடிக்கணக்கில் இருந்தது, கிணற்றுக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லை.

  

சரி, வெட்டிவேர் நாற்று வேண்டுமானால் சொல்லுங்கள். என் வரப்பிலேயே பிரித்துத் தருகிறேன்.