எடை குறையவில்லை என்று நிம்மதி வேண்டாம்

பாலக்கோடு வாசகி: அப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்). மூன்று மாதமாக 70 கிலோவிலேயே நிற்கிறார். சத்துக்குறைவு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்; அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீர் ஏற ஏற தசை கரையும், தராசு மட்டும் அசையாது. வேட்டி இடுப்பில் இறுகும், சட்டைக் கையோ தொளதொளக்கும். நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறதா, பாருங்கள். நீர் லேசாக இருந்தால் எடையில் 5 சதவீதம், நடுத்தரமென்றால் 10, அதிகமென்றால் 15 கழிக்க வேண்டும். கால் வீக்கத்துக்கு இன்னொரு 5. உங்கள் அப்பாவுக்கு நீர் அதிகமென்றால் உண்மை எடை சுமார் 56 கிலோ. எடையும் உயரமும் பார்த்து 'பி.எம்.ஐ. நார்மல்' என்று எழுதிய சீட்டோடு வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. கைப்பிடி பலத்தையும் மேல்கைத் தசையின் சுற்றளவையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ முடிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர்: இரத்தத்தில் இருக்கும் புரதமான அல்புமின் 2.6. முட்டை கொடுத்தால் ஏறுமா?

அல்புமினைச் செய்வதே கல்லீரல்தான். அது குறைவது நோயின் அளவைக் காட்டும், சாப்பாட்டின் அளவை அல்ல. முட்டை கொடுங்கள், தசைக்காக.

அரூர் வாசகர்: ரிப்போர்ட் இணைத்துள்ளேன். டயட் சார்ட் அனுப்பவும்.

உயரம் இல்லை, எடை இல்லை, நீர் உண்டா என்பதும் இல்லை. எதை வைத்து எழுதுவது?

பென்னாகரம் வாசகி: கணவருக்குக் குழப்பம் வந்து தெளிந்தது. இனி பருப்பும் முட்டையும் வேண்டாம் என்கிறார்கள் உறவினர்கள்.

நிறுத்தாதீர்கள். அது பழைய பேச்சு. புரதம் செரிக்கும்போது உண்டாகி மூளையைக் குழப்பும் அம்மோனியாவை அகற்ற தசையும் உதவுகிறது. புரதத்தைக் குறைத்தால் அந்தத் தசையும் போய்விடும். நீர் கழித்த எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். தயிர், பருப்பு நன்றாக ஒத்துக்கொள்ளும். மலச்சிக்கல் மட்டும் ஆகவே கூடாது.

ஓசூர் வாசகர்: இரவில் களி சாப்பிடலாமா?

தாராளமாக. ஆனால் 100 கிராம் ராகியில் புரதம் 7 கிராம்தான், கொள்ளுக் குழம்பு சேருங்கள். ஏழு மணிக்குச் சாப்பிட்டுக் காலை வரை வயிற்றைக் காயப்போட்டால் தசைதான் எரியும். படுக்கும் முன் ஒரு கிண்ணம் ராகிக் கஞ்சியாவது குடிக்க வேண்டும். அப்புறம், வயிற்றில் நீர் இருந்தால் மாங்காய் ஊறுகாயைத் தொட வேண்டாம். உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான்.