மாலாக் தோற்றால் லைப்ரரி என்ன செய்ய வேண்டும்? – கேள்வி பதில்

பெங்களூரில் சி மொழியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே ஒரு இடத்தைச் சுற்றி வருகின்றன: லைப்ரரிக்குள் (மற்ற புரோகிராம்கள் கூப்பிடும் கோடு) மாலாக் என்ற ஃபங்ஷன் மூலம் மெமரி கேட்கிறோம், கிடைக்கவில்லை. அடுத்து என்ன?

மாரத்தஹள்ளி: அக்கா, லினக்ஸில் மாலாக் தோற்கவே தோற்காது, மெமரி தீர்ந்தால் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து புராசஸையே கொன்றுவிடும், அதனால் செக் போடுவது வீண் என்கிறார் எங்கள் டீம் லீட். சரியா?

பாதி சரி. விஎம்.ஓவர்கமிட்_மெமரி என்ற கெர்னல் அமைப்பு 0 ஆக இருக்கும்போது (அதுதான் வழக்கமான மதிப்பு) கெர்னல் முகவரியை மட்டும் கொடுத்துவிடுகிறது. நிஜப் பக்கங்கள் நீங்கள் எழுதும்போதுதான் வருகின்றன. பெர்த்தை விட அதிகமாக டிக்கெட் கொடுத்துவிட்டு, ரயில் ஏறும்போது பார்த்துக்கொள்வது போல. கன்டெய்னரின் மெமரி வரம்பைத் தாண்டினாலும் பெரும்பாலும் கில்லர்தான் வரும், நல் பாயிண்டர் (மெமரி இல்லை என்று சொல்லும் வெற்று முகவரி) வராது.

ஆனால் அந்த மதிப்பை 2 ஆக வைத்த சர்வரில், யூலிமிட் (புராசஸுக்கான மெமரி வரம்பு) போட்ட புராசஸில், 32 பிட் கருவியில், விண்டோஸில் எல்லாம் மாலாக் உண்மையாகவே நல் தரும். மோடு 0லும் ஒரே அடியாக அளவுக்கு மீறிக் கேட்டால் மறுக்கப்படும். கெட்டுப்போன ஃபைலின் தலைப்பில் நீளம் 400 கோடி என்று இருந்து, அதை அப்படியே நம்பி மாலாக்குக்கு அனுப்பும் லைப்ரரிகள் நிறைய. உங்கள் கோடு எந்த மெஷினில் ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது. செக் போடுங்கள்.

கோரமங்களா: நல் வந்தால் அபார்ட் செய்யும் (புரோகிராமையே நிறுத்திவிடும்) ஒரு மாலாக் ராப்பர் ஃபங்ஷனை எல்லா இடத்திலும் பயன்படுத்தலாமா?

உங்கள் சொந்த கமாண்ட் லைன் கருவி என்றால் தாராளமாக. லைப்ரரியில் வேண்டாம். கூப்பிடும் புரோகிராமிடம் சேமிக்காத டாக்குமென்ட் இருக்கலாம், பாதி எழுதிய ஃபைல் இருக்கலாம், விடுவித்தாலே உங்கள் கோரிக்கை நிறைவேறக்கூடிய பெரிய கேஷ் இருக்கலாம். அந்த முடிவை எடுக்கும் உரிமை அதனுடையது. ஜிலிப் என்ற லைப்ரரி இதில் வெளிப்படையாக இருக்கிறது: ஜி_மாலாக் தோற்றால் புரோகிராமை நிறுத்தும், நல் வேண்டுமென்றால் ஜி_ட்ரை_மாலாக் தனியாக உண்டு.

மெமரி இல்லை என்பதற்குத் தனி எரர் கோடு கொடுங்கள். "தவறான உள்ளீடு" என்ற கோடோடு அதைக் கலந்தால், நல்ல ஃபைலைக் கெட்டுப்போனது என்று பயனருக்குச் சொல்ல நேரும். அந்த நேரத்தில் எரர் செய்தியை அலோகேட் செய்து கட்டாதீர்கள், நிலையான சரம் போதும்.

இந்திரா நகர்: ரீஅலாக்கில் (பிளாக்கின் அளவை மாற்றும் ஃபங்ஷன்) மெமரி லீக் வருகிறது. பி = ரீஅலாக்(பி, என்) என்றுதான் எழுதியிருக்கிறேன்.

தோற்றால் ரீஅலாக் பழைய பிளாக்கைத் தொடாது, அது அப்படியே உயிரோடு இருக்கும். நீங்கள் அதன் ஒரே முகவரியை நல்லால் அழித்துவிட்டீர்கள். தற்காலிக வேரியபிளில் வாங்குங்கள். நல் இல்லை என்று பார்த்த பிறகே பாயிண்டரையும் கொள்ளளவையும் மாற்றுங்கள்.

பெருக்கலையும் கவனியுங்கள். 32 பிட்டில் 1073741825 × 4 சுற்றிவந்து 4 ஆகிவிடும். மாலாக் சந்தோஷமாக 4 பைட் தரும், நீங்கள் அதைத் தாண்டி எழுதுவீர்கள். எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கும் காலாக் இதைப் பார்த்துக்கொள்ளும். ரீஅலாக்குக்கு, எண்ணிக்கை சைஸ்_மேக்ஸ் (அளவுக்கான உச்ச மதிப்பு) ÷ உறுப்பின் அளவை விடப் பெரிதா என்று முன்பே சோதியுங்கள், அல்லது ரீஅலாக்அரே இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அளவு 0 கொடுத்து ரீஅலாக்கைக் கூப்பிட வேண்டாம்: சி23ல் அது வரையறுக்கப்படாத நடத்தை.

இரட்டிப்பாக்கி வளரும் பஃபர் என்றால், இரட்டிப்பு கிடைக்காதபோது தேவையான அளவை மட்டும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

ஒயிட்ஃபீல்ட்: மேடம், ஐந்து அலோகேஷனில் மூன்றாவது தோற்றால் எதையெல்லாம் ஃப்ரீ செய்வது? இஃப்களுக்குள் இஃப்பாகக் குழம்புகிறது.

எல்லாப் பாயிண்டர்களுக்கும் தொடக்கத்திலேயே நல் கொடுங்கள். தோல்வி எங்கே வந்தாலும் கோட்டூ போட்டு ஒரே லேபிளுக்குப் போங்கள், அங்கே ஐந்தையும் ஃப்ரீ செய்யுங்கள். நல்லை ஃப்ரீ செய்வதால் எந்தக் கெடுதலும் இல்லை. எர்நோவை (கடைசி எரர் எண்) திருப்பித் தருவதாக இருந்தால் முதலில் எடுத்து வையுங்கள், பழைய சிஸ்டங்களில் ஃப்ரீ அதை மாற்றிவிடக்கூடும்.

இதைவிட முக்கியம் வரிசை. வேண்டியதை எல்லாம் முதலில் வாங்குங்கள், அதன்பிறகே ஆப்ஜெக்டைத் தொடுங்கள். லிஸ்டில் முனையை (நோட்) சேர்த்த பிறகு அதன் சாவிக்கு மெமரி கேட்டால், தோல்வியில் பாதி முனை உள்ளே தொங்கும். அழைப்பு தோற்றால் எதுவுமே நடக்காதது போல இருக்க வேண்டும்.

எல்லாத் தோல்வியையும் மேலே அனுப்பவும் வேண்டாம். சங்கிலி வகை ஹாஷ் டேபிளைப் பெரிதாக்க இடம் கிடைக்கவில்லையா? பழைய டேபிளோடே தொடருங்கள். கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

பீன்யா: எங்கள் மோட்டார் கன்ட்ரோலரில் மொத்தமே 64 கேபி ரேம், ஃப்ரீஆர்டிஓஎஸ் (சிறு கருவிகளுக்கான ஓஎஸ்). மாலாக் பயன்படுத்தும் லைப்ரரியை எப்படிச் சேர்ப்பது?

லைப்ரரி நேரடியாக மாலாக்கைக் கூப்பிடக் கூடாது. தொடங்கும்போது உங்களிடமிருந்து அலோகேட் ஃபங்ஷன், ஃப்ரீ ஃபங்ஷன், ஒரு கான்டெக்ஸ்ட் பாயிண்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். லுவா மொழியும் இப்படித்தான் செய்கிறது, ஆனால் இரண்டு வேலைக்கும் ஒரே ஃபங்ஷனை வாங்கிக்கொள்கிறது. அதில் ஃப்ரீஆர்டிஓஎஸின் பிவிபோர்ட்மாலாக்கை இணையுங்கள். மொத்தம் 9 கேபி காலியாக இருந்தும் தொடர்ச்சியாக 4 கேபி கிடைக்காத துண்டாடல் உங்களுக்கு வரக்கூடும். ஆகவே எல்லாவற்றையும் தொடக்கத்தில் வாங்கிவிட்டு, மோட்டார் ஓடும் லூப்பில் எதுவும் கேட்காதபடி வையுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: இதையெல்லாம் டெஸ்ட் செய்வது எப்படி? யூலிமிட் போதுமா?

போதாது, எந்த அலோகேஷன் தோற்கும் என்று அதில் சொல்ல முடியாது. மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு யூலிமிட் -வி சேரவும் சேராது: சானிடைசர் தொடக்கத்திலேயே டெராபைட் கணக்கில் முகவரி இடத்தைப் பிடித்துவைக்கிறது.

மேலே சொன்ன அலோகேட் ஃபங்ஷனில் ஒரு கவுண்டர் வையுங்கள். முதல் சுற்றில் 1ஆவது அழைப்பு தோற்கட்டும், அடுத்ததில் 2ஆவது, இப்படியே, ஒரு தோல்வியும் நுழையாமல் டெஸ்ட் முடியும் வரை. ஒருமுறை மட்டும் தோற்பது, அதிலிருந்து தொடர்ந்து தோற்பது என இரண்டு விதமாகவும் ஓட்டுங்கள். எஸ்க்யூலைட் டேட்டாபேஸின் டெஸ்ட்கள் இந்த முறையில்தான் நடக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் நான்கைப் பாருங்கள்: சரியான எரர் கோடு வந்ததா, லீக் இல்லையா, ஆப்ஜெக்ட் முன்பு போலவே இருக்கிறதா, அதே அழைப்பு மறுபடி செய்தால் ஜெயிக்கிறதா. கடைசிக் கேள்வியில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்.

லிங்கரின் ராப் வசதியும் (மாலாக் அழைப்பை உங்கள் ஃபங்ஷனுக்குத் திருப்புவது) உதவும். ஆனால் சி லைப்ரரிக்குள் இருக்கும், சரத்தை நகலெடுக்கும் எஸ்டிஆர்டப் கூப்பிடும் மாலாக் அதில் பிடிபடாது.

அல்சூர்: க்ளோஸ் ஃபங்ஷனில் மெமரி தேவைப்பட்டால்?

தேவைப்படக் கூடாது. மெமரி தீர்ந்தபோது கூப்பிடுவதே அதைத்தான். மூடும்போது வேண்டிய இடத்தை ஓப்பன் செய்யும்போதே வாங்கி ஸ்ட்ரக்டில் வைத்துவிடுங்கள், க்ளோஸின் ரிட்டர்ன் வகையை வாய்ட் ஆக்குங்கள்.