வேட்டியும் ஒரு விளக்கும்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து இங்கே டொராண்டோவில் கலைக் கண்காட்சி வைத்தோம். என்னுடையது மட்டும் மெய்நிகர் (விஆர்) ஆக்கம், தலையில் மாட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும் கருவியில் பார்ப்பது. ஒரே ஹெட்செட், பார்த்து முடிக்கப் பத்து நிமிடம். நாலு பேர் சேர்ந்தாலே பின்னால் நிற்பவர்கள் சலித்துக் கலைந்துவிடுகிறார்கள். பக்கத்தில் டிவியில் ஓட்டிப் பார்த்தேன், யாரும் பார்க்கவில்லை. அடுத்த முறை ஐந்து ஹெட்செட் வாங்கவா, மூன்று நிமிடமாகச் சுருக்கவா? தலைசுற்றல், அடுத்தவர் முகத்தில் மாட்டியது என்ற புகார்கள் வேறு. ஒருவர் மட்டும் ஓட்டை வழியாகப் படம் பார்த்த எடிசனின் பெட்டி மாதிரி இதுவும் ஒழிந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்தபோது அக்காவை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று நிமிடமாகச் சுருக்குவதா? கூட்டம் அதிகம் என்று எந்த ஓவியராவது தன் படத்தைப் பாதியாக வெட்டுவாரா? இதைக் கேட்டதற்கே உங்களைத் திட்ட வேண்டும். சுவரில் தொங்கும் படத்தை முன்னால் நிற்பவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கலாம். உங்களுடையதை எட்டிப் பார்க்க வழியில்லை. குறை அங்கே இருக்கிறது. சுத்தத்துக்குத் துடைக்கிற துணியும் மாற்று உறையும் போதும். தலைசுற்றினால் உட்காரவைத்துக் காட்டுங்கள். எடிசன் நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து காரில் ஆறு மணி நேரம் போனால் மாண்ட்ரியல். 1995இல் அங்கே சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் சார் டேவிஸ் (Char Davies) என்ற கனடியக் கலைஞர் ‘ஆஸ்மோஸ்’ என்ற மெய்நிகர் ஆக்கத்தை வைத்தார். தலையில் கருவி, உடம்பில் மூச்சை அளக்கும் மேலங்கி. மூச்சை இழுத்தால் மேலே மிதக்கலாம், விட்டால் இறங்கலாம், சாய்ந்தால் அந்தப் பக்கம் நகரலாம். உள்ளே ஒரு மரம், குளம், மண்ணுக்கடி உலகம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினாலும் 32 பேர். உங்கள் கணக்கைவிட மோசம்!

ஆனால் வெளியே இருட்டில் கூட்டம் உட்கார்ந்து பார்க்க இடம் இருந்தது. ஒரு திரையில் உள்ளே இருப்பவர் காணும் காட்சி, கூடவே ஒலி. இன்னொரு திரையில் அவருடைய நிழல்.

அந்த நிழல்தான் விஷயம். ஹெட்செட் காட்சியை அப்படியே டிவியில் விட்டால், மாட்டியிருப்பவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் படம் வெடுக் வெடுக்கென்று ஓடும். யார் பார்ப்பார்கள்? ஆஸ்மோஸில் மூச்சாலும் சாய்வாலும்தான் நகர்ச்சி என்பதால் காட்சி நிதானமாகப் போகும். பக்கத்திலேயே நிழல் மெல்லச் சாயும், முழங்கால் மடங்கும். இந்த உடம்பு அந்தக் குளத்தில் இறங்குகிறது என்று வெளியே இருப்பவருக்குப் பிடிபடும். முகம் தெரியாததால் உள்ளே இருப்பவருக்கும் கூச்சமில்லை. நீங்களோ கூடத்தின் நடுவில் ஆளைக் கண்ணைக் கட்டி நிறுத்தியிருக்கிறீர்கள். சுற்றிலும் பத்துப் பேர் செல்போனில் எடுக்கும்போது ஒரு பெண் எப்படிக் கையை நீட்டி எதையாவது தொடுவாள்? ஒரு மூலையில் வேட்டியைக் கட்டிப் பின்னால் ஒரு விளக்கை வையுங்கள். தோல்பாவைக் கூத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

சரி, அக்கா. எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் படப்பெட்டிக்காரர் ஒருவர் வருவார். தகரப்பெட்டியில் மூன்று ஓட்டை, ஓட்டைக்கு ஒரு தகர மூடி, ஆளுக்குப் பத்துப் பைசா. எங்களிடம் இருந்ததே பத்துப் பைசா. அக்கா கண்ணை வைத்தாள். நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “தாஜ்மகால்டா... கப்பல்டா... யானைடா, தண்ணி பீச்சுதுடா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பின்னால் காசில்லாத ஏழெட்டுப் பையன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருவனும் நகரவில்லை.

அடுத்த வருடம் காசு சேர்த்து நானே பார்த்தேன். யானை இல்லை. வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். “நீ அழுற மாதிரி இருந்தே, அதான் ஒண்ணு சேத்தேன்” என்றாள்.

எத்தனை ஹெட்செட் என்று கேட்டீர்கள் இல்லையா? இரண்டு. ஒன்று சார்ஜில் கிடக்கட்டும்.